எட்டாகப் பிரியும் பாசி – கடிதம்

அன்புள்ள ஐயா,

செல் பகுப்பு பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரு செல் இரண்டாகும் என்று எழுதியிருந்தீர்கள். கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பச்சைப்பாசி நான்காக, எட்டாகப் பிரியும் என்று நான் வகுப்பில் நடத்துகிறேன். “அப்படியென்றால் டிஎன்ஏவை முதலிலேயே எட்டுப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுமா, மிஸ்?” என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஓர் உயிரியல் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த மாணவிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறாள்.

கிளாமிடோமோனாஸ் அப்படிச் சேர்த்து வைப்பதில்லை. டிஎன்ஏ ஒருமுறை இரட்டிக்கும், உடனே உட்கருவும் செல்லும் இரண்டாகும். மறுபடி இரட்டிக்கும், மறுபடி பிரியும். மூன்று சுற்று முடிந்தால் எட்டு. ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம், கொஞ்சம் கூடலாம். பிரியத் தொடங்குமுன், நீந்த உதவும் இரண்டு கசையிழைகளையும் உள்ளிழுத்துக்கொள்ளும். அப்புறம் நடப்பதெல்லாம் தாயின் செல் சுவருக்குள்ளேயே. கடைசியில் சேய்கள் ஒரு நொதியைச் சுரந்து, சுவரைக் கரைத்துக்கொண்டு நீந்தி வெளியேறும். அதனால்தான் ஒரே அடியாக எட்டாகிவிட்டதுபோல் நமக்குத் தோன்றுகிறது.

எத்தனை சுற்று என்பதை முடிவு செய்வது உடம்பின் அளவு. இதுதான் எனக்குத் தீராத வியப்பு. பகல் முழுக்க உட்கருவின் டிஎன்ஏவைத் தொடாமல் வெறுமனே வளரும். பத்து மடங்குக்கு மேல்கூட வளரும். இருட்டியபின் பிரியும். பெருத்த தாய்க்குச் சுற்று அதிகம், சிறுத்த தாய்க்குக் குறைவு. மேட்-3 என்ற மரபணு பழுதானால் இந்தக் கணக்கு குலைந்துவிடும். அளவுக்கு மீறிப் பிரிந்து, சேய்கள் மிகவும் சிறுத்துப் பிறக்கும். மனிதரிடம் எந்த மரபணு பழுதானால் குழந்தைக்கு விழித்திரைப் புற்றுநோய் வருகிறதோ, அதன் பாசி வடிவம்தான் இது. செல் பிரிவதற்கான கடிவாளம் பாசிக்கும் நமக்கும் ஒன்றே என்பது சாதாரண விஷயமா?

உங்கள் மாணவி சொன்னதற்குக் கிட்டத்தட்ட ஒத்துவருவது செனெடெஸ்மஸ் என்ற இன்னொரு பச்சைப்பாசி. அதில் வளரும்போதே டிஎன்ஏ இரட்டித்து, உட்கருக்கள் இரண்டு, நான்கு, எட்டு என்று பெருகிவிடும். உடல் மட்டும் கடைசியில் பிரியும்.

இரட்டிப்பு எப்படி நடந்தாலும் விதி ஒன்றுதான்: ஒவ்வொரு டிஎன்ஏ பிரதியிலும் பழைய இழை ஒன்று, புதிய இழை ஒன்று. 1958இல் மெசல்சன், ஸ்டால் என்ற இரு விஞ்ஞானிகள் இதை பாக்டீரியாவில் காட்டினார்கள். 1960இல் நொபொரு சுவோகா இதே கிளாமிடோமோனாஸை எடுத்தார். கனமான நைட்ரஜன்-15 கொடுத்து வளர்த்து டிஎன்ஏவைக் கனமாக்கி, பிறகு சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றினார். ஒரு இரட்டிப்பு முடிந்ததும் டிஎன்ஏ கனத்துக்கும் லேசுக்கும் நடுவே வந்து நின்றது. உட்கரு உள்ள செல்லிலும் அதே கதைதான்.

பிள்ளைகளை இதைக் கரும்பலகையில் வரையச் சொல்லுங்கள். தாயின் ஒரு குரோமோசோமை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் இரண்டு பழைய இழைகளுக்கும் சிவப்பு சாக்பீஸ், புதிதாக வருவதற்கெல்லாம் வெள்ளை. மூன்று சுற்று போனபின் எட்டுச் சேய்களில் இரண்டில்தான் சிவப்பு இருக்கும்.