வயலில் கிடைத்த பல் வெட்டிய ஈயத் தகடு

கேள்வி: இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் மகன், விடுமுறை நாட்களில் நில உரிமையாளரிடம் அனுமதி பெற்று, உழுத வயல்களில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடுவான். அண்மையில் 3 செ.மீ. அகலத்தில் ஒரு வட்டமான ஈயத் தகடு கிடைத்தது. விளிம்பு முழுவதும் ரம்பம் போன்ற பற்கள். நடுவில் அருகருகே இரண்டு துளைகள். இது பொத்தானா, கடிகாரச் சக்கரமா?
– வாசகி, கோவை

பதில்: இரண்டும் இல்லை, பெரும்பாலும் அது ஒரு குழந்தையின் விளையாட்டுப் பொருள். சோடா மூடியைத் தட்டித் தட்டையாக்கி, ஆணியால் இரண்டு துளை போட்டு, நூல் கோத்து, முறுக்கேற்றி இரு கைகளாலும் இழுத்து விட்டால் 'விர்ர்' என்று சுற்றுமே, அதே விளையாட்டுதான். சோடா மூடி வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே அங்குள்ளவர்கள் இதை ஈயத்தில் செய்துகொண்டார்கள். ஈயம் கத்திக்கே வெட்டுப்படும். கனமும் இருப்பதால் நன்றாகச் சுற்றும். அமெரிக்க விடுதலைப் போர்க்காலப் படைமுகாம்கள் இருந்த இடங்களில், துப்பாக்கிக் குண்டைத் தட்டையாக அடித்துச் செய்த சுழலிகளும் கிடைத்திருக்கின்றன.

கடிகாரச் சக்கரம் பெரும்பாலும் பித்தளையாக இருக்கும். அச்சுக்காக நட்டநடுவில் ஒரே துளை இருக்கும். நூல் நூற்கும் தக்களியின் ஈய வில்லைக்கும் ஒரு துளைதான். பொத்தானுக்குப் பல் தேவையில்லை. இதற்கோ, காற்றைக் கிழித்து ஓசை எழுப்புவதே பற்களின் வேலை. துளைகளை ஒரு உருப்பெருக்கி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முறுக்கேறிய நூல் இருபுறமும் நடுவை நோக்கியே இழுபடுவதால், இரு துளைகளிலும் ஒன்றையொன்று பார்த்த உள்விளிம்பு தேய்ந்திருந்தால், யாரோ ஒரு பிள்ளை அதைச் சலிக்காமல் சுற்றியிருக்கிறது என்று பொருள். எனக்கு அந்தத் தேய்மானம், ஒரு தங்க நாணயத்தைவிடப் பெரிதாகப் படுகிறது.

பல நூற்றாண்டுகளாக வடிவம் மாறாததால் உருவத்தை மட்டும் வைத்துக் காலத்தைச் சொல்ல முடியாது; கிடைத்த இடமும் உடன் கிடைத்தவையுமே சான்று. எனவே இடத்தைத் துல்லியமாகக் குறித்து, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுமக்கள் கண்டெடுக்கும் தொல்பொருள்களை 1997 முதல் பதிவு செய்துவரும் 'போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம்' அலுவலரிடம் காட்டச் சொல்லுங்கள்.

மேலே படிந்திருக்கும் வெள்ளைப் பொடி ஈயம் அரித்து உண்டானது, நச்சுத்தன்மை உடையது. அதைச் சுரண்ட வேண்டாம். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பேரப்பிள்ளைகள் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டால், பெரிய கோட்டுப் பொத்தான் ஒன்றில் நூல் கோத்துக் கொடுங்கள்.