அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்திலுள்ள நிக்கோடெமஸ் ஊர் ஏன் வளரவில்லை?

சுருக்கமாகச் சொன்னால், ரயில் வரவில்லை. ஆனால் கதை அதற்கு முன்பே தொடங்குகிறது.

1877-ல், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் கென்டக்கியிலிருந்து வந்து குடியேறிய ஊர் இது. இடம் வடமேற்கு கான்சாஸ், சாலமன் ஆற்றின் தென்கிளைக்கு அருகே. பெரும்பாலும் புல்வெளி; வீடு கட்டப் போதுமான மரம் கிடையாது. அதனால் மண்ணைக் குடைந்து அதற்குள் வாழ்ந்தார்கள். 1878-ல் வந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண் "ஊர் எங்கே?" என்று கேட்டாராம். கணவர் காட்டியது, தரையிலிருந்து எழுந்த புகையை! அந்தப் பெண் அழுதுவிட்டார். யார்தான் அழமாட்டார்கள்?

அப்புறம் தேவாலயம், பள்ளி, கடைகள், செய்தித்தாள்கள்கூட வந்தன. இங்கு வாழ்ந்த எட்வர்ட் மெக்கேப் 1882-ல் மாநிலத் தணிக்கையாளராகவே தேர்வானார்.

சரி, ரயிலுக்கு வருவோம். 1888-ல் தண்டவாளம் ஊரைத் தொடாமல், சில மைல் தள்ளி, ஆற்றின் தென்கரையில் போனது. வியாபாரிகள் கடையைக் கட்டிக்கொண்டு அங்கே உருவான போக் என்ற ஊருக்குப் போய்விட்டார்கள். மழை குறைந்த அந்தப் பூமியில் விவசாயத்தை மட்டும் நம்பி எத்தனை பேர் தங்குவார்கள்?

1996-ல் இது தேசிய வரலாற்றுத் தலமானது. இப்போது அங்கே வசிப்பவர்கள் வெகு சிலரே. ஆனால் ஒவ்வொரு கோடையிலும் விடுதலை விழாவுக்கு வம்சாவளியினர் பல ஊர்களிலிருந்து திரும்பி வருகிறார்கள்.