முதியோர் பராமரிப்பும் திருச்சபைக் கணக்கும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அட்லாண்டாவில் எங்கள் அடுத்த வீட்டில் வசிக்கும் கறுப்பின அம்மையாருக்கு எண்பது வயதைக் கடந்துவிட்டது. இளமை முதல் ஒரே பாப்டிஸ்ட் சபையின் உறுப்பினர். இடுப்பெலும்பு முறிந்து வீட்டோடு முடங்கிய பிறகு போதகரோ, அவருக்குத் துணைநிற்கும் சபைப் பொறுப்பாளர்களான டீக்கன்மாரோ அவரை எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் காணிக்கை உறைக்கட்டு மட்டும் தபாலில் தவறாமல் வருகிறது. இதைத் தட்டிக்கேட்க அவருக்கு உரிமை உண்டா? காணிக்கையை நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, அட்லாண்டா

பதில்: உரிமை தாராளமாக உண்டு. 1787-இல் பிலடெல்பியாவில் கறுப்பினத் தலைவர்களான ரிச்சர்ட் ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் தொடங்கிய ‘சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கத்தில்’ உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 1 ஷில்லிங் செலுத்தினார்கள். ஓராண்டு செலுத்திய ஒருவர் பின்னர் வறுமையில் வாடினால், அவருக்கு வாரம் 3 ஷில்லிங் 9 பென்ஸ் தரப்பட்டது. அந்தச் சங்கத்தை வேராகக் கொண்டே ஆலனின் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் திருச்சபை பின்னாளில் எழுந்தது. ஆகவே, முதியோரைக் கவனிப்பது போதகரின் நல்ல மனத்தைப் பொறுத்த சலுகையாக அன்று கருதப்படவில்லை. செலுத்திய பணத்துக்கு ஈடான கடனாக, தொகை குறிக்கப்பட்டு விதியிலேயே எழுதப்பட்டிருந்தது.

அந்தக் கடன் கைமாறும்போது என்ன ஆகும் என்பதை, அடிமைத்தளையிலிருந்து தப்பிப் பிறரையும் மீட்ட ஹேரியட் டப்மன் தம் வாழ்நாளிலேயே கண்டார். ஆதரவற்ற முதியோருக்காக நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் நகரில் தாம் வாங்கியிருந்த நிலத்தை, 1903-இல் மற்றொரு கறுப்பினத் திருச்சபையான ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சீயோன் திருச்சபையிடம் ஒப்படைத்தார். 1908-இல் இல்லம் திறக்கப்பட்டது. ஆனால் அதில் சேர 100 டாலர் கட்டணம் என்று திருச்சபை விதித்தது. கையில் காசில்லாதவர்களுக்காகவே இல்லத்தைக் கனவு கண்ட டப்மனுக்கு இது பொறுக்கவில்லை.

இன்றைய சிக்கலில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவில் ஏனைய அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் வருமான வரித் துறைக்குத் தரவேண்டிய, வரவு செலவைக் காட்டும் 990 படிவத்திலிருந்து திருச்சபைகளுக்கு, அவை எந்த இனத்தவருடையவையாக இருந்தாலும், விலக்கு உண்டு. வெளியிலிருந்து கேட்பார் இல்லாத இடத்தில் உள்ளேயிருப்பவர்களும் கேளாமல் விட்டால் அடிபடுபவர்கள் முதியவர்களே. போதகர்களும் அதற்குத் தப்பவில்லை. ஆலனின் திருச்சபையிலேயே, ஊழியர்களின் ஓய்வூதிய நிதியில் ஏறத்தாழ 9 கோடி டாலர் மறைந்துபோனது 2021-இல் தெரியவந்து, வயதான போதகர்கள் நீதிமன்றத்தை நாட நேர்ந்தது.

ஆயினும் எல்லாச் சபைகளையும் ஒரே தராசில் நிறுப்பது முறையல்ல. மாதத்தின் முதல் ஞாயிறன்று திருவிருந்தை (அப்பமும் திராட்சை ரசமும்) வீடுவரை கொண்டு செல்லும் டீக்கன்மாரும், நடமாட முடியாதோர் பட்டியலை வாராவாரம் ஆராதனைத் தாளில் அச்சிடும் சபைகளும் ஏராளம். (பட்டியலில் பெயர் வருவதும் வாசற்படியில் ஆள் வருவதும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்.) வயது முதிர்ந்த கறுப்பினத்தவருக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு வெள்ளையரைவிட ஏறத்தாழ இருமடங்கு என்பதால், உங்கள் நகரின் எமரி பல்கலைக்கழகத்தில் செவிலியர் ஆய்வாளர் ஃபேரன் எப்ஸ் தொடங்கிய ‘ஆல்ட்டர்’ திட்டம், அந்நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஏற்றவாறு ஆராதனையை அமைத்துக்கொள்ளச் சபைகளுக்கு வழிகாட்டுகிறது.

அம்மையார் செய்யக்கூடியது இதுதான். பாப்டிஸ்ட் சபைகளில் பேராயர் கிடையாது. போதகரை அழைப்பதும் நீக்குவதும் பொதுவாகச் சபையாரின் வாக்கே. எனவே மேலிடத்துக்கு மனு எழுதுவதால் பயன் குறைவு. முதலில் டீக்கன் குழுத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி, தம்மைச் சந்திக்கும் பொறுப்பு எந்த டீக்கனுடையது என்று பெயர் கேட்கட்டும். பதில் வராவிட்டால், வீட்டோடு இருக்கும் முதியோருக்காகச் சென்ற ஆண்டு செலவிட்டது எவ்வளவு என்ற கேள்வியை, சபையின் ஆண்டுக் கூட்டத்தில் வேறொரு உறுப்பினர் வழியாக எழுப்பலாம். மனக்குறையைச் சொன்னால் அனுதாபத்தோடு முடித்துவிடுவார்கள்; தொகையைக் கேட்டால் பொருளாளர் ஏட்டைத் திறந்தாக வேண்டும்.

காணிக்கையை நிறுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சில சபைகளின் விதிப்படி, காணிக்கை செலுத்தாதவர் வாக்களிக்கும் உறுப்பினர் என்ற தகுதியை இழக்கக்கூடும். அந்த விதியை முதலில் வாங்கிப் படியுங்கள். அதுவரை, உறையின் மேல் ‘நலிந்தோர் உதவி நிதிக்கு’ என்று எழுதி அனுப்பட்டும். ஆண்டு முடிவில் சபை தரும் காணிக்கைப் பற்றுச்சீட்டில் அந்தத் தொகை தனியே காட்டப்பட்டிருக்கிறதா என்று நீங்களும் உடனிருந்து பாருங்கள்.