தலை போன குதிரையும் நசுங்கிய தகரமும்

குறுக்கெழுத்து: கேள்வி – பதில்

சென்ற இதழில் வழக்கமான குறுக்கெழுத்துக்குப் பதிலாக, ஆங்கிலத்தில் கிரிப்டிக் என்கிறார்களே, அந்த மாதிரி சங்கேதக் குறிப்புகள் கொண்ட ஒன்றைப் போட்டிருந்தோம். பாராட்டிக் கொஞ்சம் பேர் எழுதியிருந்தார்கள், மற்றவர்கள் எல்லோரும் திட்டியிருந்தார்கள். திட்டியவர்களுக்குத்தான் இந்த முறை முன்னுரிமை.

வாசகி, திருச்சி: சார், இருபது வருஷமாகக் குறுக்கெழுத்து போடுகிறேன். 'சிவனின் வாகனம்' என்றால் நந்தி, முடிந்தது வேலை. நீங்கள் 'நகரம் குலைந்தால் பாவிகள் சேருமிடம் (4)' என்று போட்டிருக்கிறீர்கள். இது புதிரா, சாபமா?

புதிர்தான் அம்மா, விடையும் உங்கள் கண் முன்னாலேயே இருக்கிறது. இந்த வகைக் குறிப்பு ஒவ்வொன்றிலும் இரண்டு பாகம் உண்டு. ஒன்று நீங்கள் இருபது வருஷமாகப் பார்த்து வரும் அதே நேரடி விளக்கம், அது வாக்கியத்தின் முதலிலோ கடைசியிலோதான் இருக்கும், நடுவில் வராது. இங்கே 'பாவிகள் சேருமிடம்'. மிச்சமிருப்பது எழுத்து விளையாட்டு. 'குலைந்தால்' என்ற சொல் ஊர் பாழாய்ப் போவதைப் பற்றிப் பேசுவது போல நடிக்கிறது, ஆனால் அது உங்களுக்கு இடும் கட்டளை: 'நகரம்' என்ற சொல்லின் எழுத்துகளைக் கலைத்துப் போடு என்கிறது. ந, க, ர, ம் நான்கையும் மாற்றி அடுக்கினால் நரகம். வாக்கியம் உங்கள் மனதில் ஒரு படம் காட்டும். அந்தப் படத்தை நம்பாமல் சொல் சொல்லாக வெட்டிப் பார்த்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வாசகர், கோவை: 'கடலில் எழும்பும் தலையிழந்த குதிரை (2)' என்பதற்குக் கடற்குதிரை என்று எழுதினேன். கட்டம் போதவில்லை.

அடைப்புக்குள் இருக்கும் 2 அலங்காரத்துக்கு இல்லை, விடையில் எத்தனை எழுத்து என்ற கணக்கு அது. குதிரையின் தலை, அதாவது முதல் எழுத்து 'கு', போய்விட்டால் மிஞ்சுவது திரை. கடலில் எழும்பும் அலைதான் அது. கடற்குதிரையை நினைக்க வைத்தது நான்தான், அதில் கொஞ்சம் சந்தோஷம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

வாசகர், காரைக்குடி: இடமிருந்து வலம் 7, 'மலை உச்சியில் நசுங்கிய தகரம் பச்சைக் கல்லாகும் (5)'. விடை மரகதம் என்று என் மருமகள் கண்டுபிடித்தாள். ஆனால் இந்தக் குறிப்பு தப்பு என்பது என் வாதம். உச்சி எப்படி முதல் எழுத்தாகும்?

உங்கள் மருமகளுக்கு என் வணக்கம். உங்கள் வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 'மலை உச்சி' என்றால் ம. 'நசுங்கிய தகரம்' என்றால் த, க, ர, ம் என்ற நான்கு எழுத்தும் நசுங்கி 'ரகதம்' ஆகிறது. ம முன்னால் நிற்க, மரகதம். 'பச்சைக் கல்' நேரடி விளக்கம், 'ஆகும்' இரண்டையும் ஒட்டும் பசை. இதில் ஒரு சொல்கூட வேலையில்லாமல் நிற்கவில்லை பாருங்கள், எனக்குப் பெருமை அதில்தான். ஆனால் மேலிருந்து கீழாக எழுதும் விடையில்தான் முதல் எழுத்து நிஜமாகவே உச்சியில் இருக்கும். படுத்துக் கிடக்கும் விடையில் எது உச்சி, எது அடி? கறாரான ஆங்கிலப் புதிர்க்காரர்கள் இதை விட மாட்டார்கள். உச்சி, மேலே, ஏறி என்பவையெல்லாம் மேலிருந்து கீழுக்கு மட்டும் என்பார்கள். 'இங்கே நான் மலை என்ற சொல்லின் உச்சியைச் சொன்னேன், விடையின் உச்சியை அல்ல' என்று என்னால் வழக்காட முடியும், ஆனால் அந்த வழக்கில் எனக்கே முழு நம்பிக்கை இல்லை. இதை மேலிருந்து கீழில் வைத்திருந்தால் உங்கள் கடிதமே வந்திருக்காது.

இந்த நியாயம் பேசுவதற்கு இங்கிலாந்தில் ஒரு பரம்பரையே உண்டு. அஃப்ரிட் என்ற புனைபெயரில் புதிர் போட்ட ஒருவர் 1949-இல் ஒரு விதி சொன்னார். புதிர் போடுபவர் வெளியே சொல்வது ஒன்று, உள்ளே வைப்பது ஒன்று என்று இருக்கலாம். ஆனால் உள்ளே வைத்தது அந்தச் சொற்களிலேயே இருந்தாக வேண்டும். படிப்பவரை ஏமாற்றலாம், ஆனால் பொய் சொல்லக் கூடாது. 1966-இல் ஸிமெனிஸ் என்ற புனைபெயர்க்காரர் இதையெல்லாம் தொகுத்துப் புத்தகமே எழுதினார். அவருக்கு முன் அப்ஸர்வர் பத்திரிகையில் 1926-இலிருந்து புதிர் போட்டவரின் புனைபெயர் டார்க்கெமாடா. இரண்டுமே ஸ்பெயினில் மத விசாரணை நடத்திய அதிகாரிகளின் பெயர்கள்! மூன்றாவதாக வந்தவர் டெசா என்ற இன்னொரு விசாரணை அதிகாரியின் பெயரை ஆங்கில எழுத்துகளில் பின்னாலிருந்து எழுதி அஸெட் என்று வைத்துக்கொண்டார். வாசகரை என்னவாக நினைத்திருக்கிறார்கள் என்று இதிலேயே தெரியவில்லையா?

வாசகர், சென்னை: நான் தி இந்து நாளிதழின் ஆங்கில கிரிப்டிக்கைத் தினமும் காபியோடு முடிப்பவன். தமிழில் 'கா' என்பதை க், ஆ என்று பிரித்துக் கலைத்தால் இன்னும் நிறைய சொற்கள் கிடைக்குமே, ஏன் செய்வதில்லை?

கிடைக்கும், ஆனால் யாருக்கும் கண்ணில் படாது. நாம் 'கா' என்பதை ஒரே எழுத்தாகத்தான் பார்க்கிறோம், கட்டத்திலும் அது ஒரே கட்டம்தான். உச்சரிப்பைப் பிரித்துக் கலைத்தால் அது குறுக்கெழுத்து இல்லை, வேதியியல். இந்தக் கணக்கை நான் கண்டுபிடிக்கவில்லை. 'யாமாமாநீ யாமாமா' என்று தொடங்கும் ஞானசம்பந்தரின் மாலைமாற்றைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் படித்தால் அதே பாட்டு வரும், அங்கேயும் திரும்புவது 'மா', 'நீ' என்ற முழு எழுத்துதான். இன்னொன்றையும் கவனியுங்கள், அந்தப் பாட்டில் புள்ளி வைத்த எழுத்தே கிடையாது. தமிழில் எந்தச் சொல்லும் புள்ளி எழுத்தில் தொடங்காது, ஆனால் நம் சொற்களில் எக்கச்சக்கமானவை ம், ன், ல், ர் என்றுதான் முடிகின்றன. மரத்தைத் திருப்பினால் 'ம்ரம' என்று பல்லைக் காட்டும். அதனால் ஆங்கிலத்தில் சர்வசாதாரணமான திருப்பிப் படிக்கும் குறிப்பு தமிழில் அபூர்வம். கிடைத்தால் விடமாட்டோம். 'கைதி திரும்பி வந்தால் மலைத்துப் போ (2)' என்று ஒன்று கிடைத்தது, விடை திகை.

ஒளித்து வைப்பதும் கஷ்டம்தான். ஒரு சொல்லின் வாலும் அடுத்த சொல்லின் தலையும் சேர்ந்து வேறொரு சொல்லாக வேண்டும், இந்தப் புள்ளி எழுத்துகள் நடுவில் வந்து கெடுக்கும். 'நகர டிரைவரிடம் ஒளிந்திருக்கும் தேன் திருடன் (3)' என்று எழுத ஆங்கில டிரைவரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. நகர, டிரைவர் இரண்டையும் ஒட்டிப் படியுங்கள், நடுவில் கரடி உட்கார்ந்திருக்கும்.

கல்லூரி மாணவி, மதுரை: ஒற்றை எழுத்து கொண்டு வர என்னென்ன தந்திரம் செய்வீர்கள்? முன்கூட்டியே சொன்னால் தயாராக இருப்பேன்.

தொழில் ரகசியம்தான், இருந்தாலும் சொல்கிறேன். ஏழு ஸ்வரங்களும் எங்களுக்குக் கிடைத்த வரம். ஸ்வரம் என்று குறிப்பில் வந்தால் ச, ரி, க, ம, ப, த, நி எதுவாகவும் இருக்கலாம். 'இரு ஸ்வரங்களை இருமுறை பாட சமையலறை மணக்கும் விதம் (4)' என்றால் கமகம. அப்புறம் தமிழ் எண்கள். ஒன்று என்றால் க, எட்டு என்றால் அ. 'பல்லிடுக்கில் ஒன்று சிக்கிய பொழுது (3)' என்ற குறிப்பில் பல் என்ற சொல்லின் நடுவே க நுழைந்து பகல் ஆகிறது. பிறகு, ஒரே சொல் போல நடிக்கும் கூட்டுச் சொற்களை நம்பவே நம்பாதீர்கள். நடுக்கடல் என்றால் கடலின் நடு, அதாவது ட. கடைவீதி என்றால் வீதியின் கடைசி எழுத்து தி. தலைநகர் என்றால் டெல்லியாக இருக்க வேண்டியதில்லை, வெறும் ந-வாக இருக்கலாம். அரைக்கீரையைப் பார்த்தால் மார்க்கெட்டுக்குப் போகாமல் கீரையில் பாதியை எடுங்கள். என் வீட்டில் இந்த வியாதி முற்றி, கடைக்குப் போய் வா என்றால் 'எந்தச் சொல்லின் கடைக்கு?' என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

வாசகர், தஞ்சாவூர்: வெள்ளைக்காரன் பொழுதுபோகாமல் கண்டுபிடித்ததைத் தமிழில் இழுத்து வர வேண்டுமா?

கட்டம் அவர்களுடையதுதான், மறுக்கவில்லை. லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் வைர வடிவத்தில் ஒரு புதிர் போட்டார், அதிலிருந்து வந்தது இது. ஆனால் அதில் இருந்தவை நேரடிக் குறிப்புகள்தான். 1920-களில் இங்கிலாந்துக்குப் போன பிறகே இந்தக் கோணல் புத்தி வந்தது.

அந்தக் கோணல் புத்தி நமக்குப் புதிதா, சொல்லுங்கள். 'எட்டேகால் லட்சணமே' என்று ஔவையார் கம்பரைத் திட்டியதாகச் சொல்லும் பாட்டு உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. எட்டுக்குத் தமிழ் எண் அ போல இருக்கும், காலுக்கு உரிய குறி வ போல இருக்கும், சேர்த்தால் அவலட்சணமே. அதற்குப் பின்னால் வரும் 'எமன் ஏறும் பரி' எருமை, 'கூரையில்லா வீடு' குட்டிச்சுவர் என்பவையெல்லாம் திருச்சி வாசகி கேட்கும் ரகம், நேரடி விளக்கங்கள். ஆனால் அந்த எட்டேகால் இருக்கிறதே, அது அசல் சங்கேதக் குறிப்பு. இன்று நான் அதை அப்படியே போட்டால் ஸிமெனிஸ்கூடக் குற்றம் சொல்ல மாட்டார்.

இன்னும் துல்லியமான சான்று வேண்டுமென்றால் பழைய அணி இலக்கண நூலான தண்டியலங்காரத்தில் சொல்லணிப் பகுதியைப் புரட்டுங்கள். வினாவுத்தரம் என்று ஒரு வகை இருக்கிறது. பூமகள் யார், போகிறவனை ஏவுபவன் என்ன சொல்வான், சரத்துக்கு வேறு பெயர் என்ன, அழகுக்குப் பெயர் என்ன என்று தனித்தனியாகக் கேட்டுவிட்டு, கடைசியில் சிவன் உறையும் இடம் எது என்று கேட்கும் அந்த வெண்பா. திரு, ஏகு, அம்பு, அம். சேர்த்தால் திருவேகம்பம், காஞ்சிபுரத்துக் கோயில். துண்டு துண்டாகக் கொடுத்துவிட்டு ஒரு நேரடி விளக்கத்தோடு முடிப்பதைத்தானே நான் 'தச்சன் அறுத்தது நிறைய கரம் (3)' என்று செய்கிறேன்? (பல, கை. பலகை. யாரும் காயப்படவில்லை.) ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் ஏகு என்பதோடு அம்பைச் சேர்க்கும்போது புணர்ச்சியில் எழுத்து மாறும், கட்டப் புதிரில் நான் அதை அனுமதிப்பதில்லை, கட்டங்களை எண்ணுபவர் குழம்பிவிடுவார். ஒவ்வோர் எழுத்தாக முன்னால் கூட்டிக்கொண்டே போகும் எழுத்து வருத்தனமும் அங்கே இருக்கிறது. மலைக்கு நகம் என்று ஒரு பெயர், முன்னால் க சேர்த்தால் கநகம், பொன். அதற்கும் முன்னால் கோ சேர்த்தால் கோகநகம், தாமரை. குதிரையின் தலையை நான் வெட்டினேன், அவர்கள் தலையை ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வாசகி, புதுச்சேரி: 'மணமக்கள் மாற்றிக்கொள்ளும் நேரம் (2)'. முகூர்த்தம் இல்லையா?

இல்லை, மாலை. 'மணமக்கள் மாற்றிக்கொள்ளும்' என்பது ஒரு விளக்கம், 'நேரம்' இன்னொன்று. பழைய சிலேடைதான், வெண்பாவை மட்டும் கழற்றிவிட்டேன்.

வாசகர், ஈரோடு: அகராதி பார்த்துப் போட்டால் அது ஏமாற்று வேலையா?

நான் போடும்போது பார்க்கிறேனே!

வாசகர், நாகர்கோவில்: நீங்கள் போட்ட புதிரில் நீங்களே மாட்டியது உண்டா?

உண்டு. வேறொரு பத்திரிகையில் போட்டுக்கொண்டிருந்த காலம், பத்திரிகை பெயர் வேண்டாம். 'முதலில் தண்ணீர், பிறகு மீனவர் வீசுவது; கிணற்றடியில் காணலாம் (3)' என்று எழுதினேன். தண்ணீரின் முதல் எழுத்து த, மீனவர் வீசுவது வலை. கிணற்றடியில் உட்கார்ந்து கத்தும் தவளைதான் என் மனதில் இருந்த விடை. அடுத்த இதழில் அப்படியே அச்சாகியும் விட்டது. வலையில் இருப்பது லை, தவளையில் இருப்பது ளை, எனக்கும் தெரியவில்லை, மெய்ப்புப் பார்த்தவருக்கும் தெரியவில்லை. ஆனால் கணிசமான வாசகர்கள் ஒழுங்காக த-வையும் வலையையும் சேர்த்து, தண்ணீர் பிடித்து வைக்கும் பித்தளைத் தவலை என்று சரியான விடையை எழுதி அனுப்பியிருந்தார்கள், அதுவும் கிணற்றடியில் இருப்பதுதானே! சரியாக எழுதியவர்களுக்கெல்லாம் தப்பு என்று மதிப்பெண் போட்டிருந்தேன். அந்த வாரம் வந்த தபால் அட்டைகளில் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். ஒரே வரிதான்: 'ஐயா, உங்கள் தவளை எங்கள் தவலைக்குள் விழுந்துவிட்டது, வந்து எடுத்துக்கொண்டு போகவும்.'