இரவு மழை பெய்தால் காலையில் கார் ஸ்டார்ட் இல்லை

வெள்ளவத்தை வாசகர் ஒருவரின் கேள்வி: “அப்பா பாவித்த 1984ஆம் ஆண்டு டிஎக்ஸ் வேகன் கார். வீடு கடற்கரைப் பக்கம், கார் வெளியில்தான் நிற்கும். இரவில் மழை பெய்தால் காலையில் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். கராஜில் பற்றரி மாற்றினார்கள், காபரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். பலனில்லை.”

பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றினால் பற்றரியில் பிழை இல்லை. காபரேட்டர் அடைப்பு மழை, வெயில் பார்த்து வராது. காய்ந்ததும் ஓடுகிறது என்றால், ஈரத்தின் வழியாக எங்கோ கரன்ட் ஒழுகுகிறது.

பற்றரியின் வோல்டேஜை உயர்த்தும் கொயிலிலிருந்து, பெற்றோலைப் பற்றவைக்கும் பிளக்குக்குப் போவது 15,000, 20,000 வோல்ட். பிளக் முனையில் உள்ள 0.8 மில்லிமீற்றர் இடைவெளியைத் தாண்டத்தான் அவ்வளவும். அதைவிடச் சுலபமான வழி கிடைத்தால் அந்தப் பக்கம் போய்விடும். மழைத் தண்ணீர் மட்டும் அந்த வழியைத் திறப்பதில்லை. மரைன் டிரைவ் பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியை விரலால் தடவிப் பாருங்கள், கடற்காற்றின் உப்பு பிசுபிசுவென்று ஒட்டும். அதே உப்பு தூசியோடும் எண்ணெயோடும் சேர்ந்து உங்கள் பிளக் வயர்களிலும் படிந்திருக்கிறது. ஈரம் பட்டதும் அந்தப் படலமே கம்பி மாதிரி வேலை செய்யும். போதாக்குறைக்கு, ஸ்டார்ட்டர் சுற்றும்போது பற்றரி 10 வோல்ட் வரைக்கும் இறங்கும். ஆக, தீப்பொறி மிகவும் பலவீனமாக இருப்பதே அந்த நேரத்தில்தான். ஒருமுறை பிடித்துவிட்டால் எஞ்சின் சூட்டில் எல்லாம் காய்ந்துவிடும். அப்புறம் எவ்வளவு மழை பெய்தாலும் ஓடும்.

எதையும் வாங்குவதற்கு முன் ஓர் இரவு, சுற்றிலும் வெளிச்சம் இல்லாத இடத்தில், எஞ்சினை ஓடவிட்டு பொனட்டைத் திறந்து வையுங்கள். உடுப்பு அயர்ன் பண்ணும்போது தண்ணீர் தெளிக்கும் போத்தலால் வயர்கள் மேல் மெல்லிய தூவல் அடியுங்கள். கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், ஃபேன் சுற்றுகிறது. கொஞ்ச நேரத்தில் ‘டிக், டிக்’ என்று சத்தம் கேட்கும். வயரிலிருந்து எஞ்சின் இரும்புக்குத் தீப்பொறி நீல நூல் மாதிரி ஓடும். எஞ்சினும் தடுமாறும். நீலம் எங்கே தெரிகிறதோ அங்கேதான் கோளாறு. முதன்முதல் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் பயம்தான்.

வயரில் ஒன்றும் தெரியாவிட்டால், எஞ்சினை நிறுத்திவிட்டு, கொயிலின் கரன்டை நான்கு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றுங்கள். இரண்டு ஸ்குரூ அல்லது இரண்டு கிளிப், அவ்வளவுதான். உள்ளே வியர்த்திருந்தால் துணியால் துடைத்தால் போதும். ஆனால் டோர்ச் அடித்துப் பார்க்கும்போது பென்சிலால் கீறியது போல மெல்லிய கறுப்புக் கோடு ஓடுகிறதா? அது கரி. கரன்ட் ஒழுகி ஒழுகி பிளாஸ்டிக்கில் தானே போட்டுக்கொண்ட பாதை. துடைத்தாலும் சுரண்டினாலும் திரும்ப வரும், மூடியை மாற்றத்தான் வேண்டும். நடுவில் உள்ள கரித் துண்டு தேய்ந்திருக்கிறதா, மூடிக்குள் சுற்றும் ரோட்டரின் முனை அரித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் மூடி, ரோட்டர், பிளக் வயர் செட் மூன்றும் கிடைக்கும். கியர் பொக்ஸ், கதவு என்றால் பாவித்ததை வாங்கலாம், தப்பில்லை. வயரையும் மூடியையும் மட்டும் பாவித்ததாக வாங்காதீர்கள். இன்னொருவரின் மழைக்காலப் பிரச்சினையைக் காசு கொடுத்து வாங்கிய கதையாகிவிடும். மாற்றும்போது ஒவ்வொரு வயராகக் கழற்றி ஒவ்வொன்றாகப் போடுங்கள். நான்கையும் ஒன்றாகக் கழற்றிவிட்டால் 1-3-4-2 என்ற தீப்பொறி வரிசையில் தேடித் தேடிப் பொருத்த வேண்டிவரும்.

அதுவரைக்கும் மழை நாள் காலைகளில் என்ன செய்வது? சாவியை எடுத்துவிட்டு, வயர்களையும் கொயில் தலையையும் மூடியையும் காய்ந்த துணியால் துடையுங்கள். டபிள்யூடி-40 அடிக்கலாம். அது தண்ணீரை விரட்டவென்றே செய்தது. ஆனால் தீப்பிடிக்கக்கூடியது, மணம் போகும்வரை பொறுத்துத்தான் சாவி போட வேண்டும். ஏற்கனவே பலமுறை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்து பெற்றோல் மணம் வந்தால், அக்சிலேட்டரை முழுவதுமாக அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுங்கள்.

வெள்ளம் நிற்கும் றோட்டில் ஓடும்போதே எஞ்சின் நின்றுபோனால் இதில் எதையும் செய்யாதீர்கள். உள்ளே தண்ணீர் போயிருந்தால், சாவியை ஒருமுறை திருப்பினாலே பிஸ்டனோடு சேர்ந்த கனெக்டிங் ரொட் வளைந்துவிடலாம். தள்ளி ஓரங்கட்டி, பிளக் நான்கையும் கழற்றிப் பார்த்த பிறகுதான் மற்றது.

இன்னொன்று: பொனட்டின் பின் ஓரத்தில், கண்ணாடிக்குக் கீழே, ஒரு ரப்பர் பட்டி இருக்கும். இந்த வயதுக் கார்களில் அது பெரும்பாலும் உக்கிப்போய் மழைத் தண்ணீரை உள்ளே சொட்டவிடும். புது வயர் போடும் அன்றைக்கே அதையும் மாற்றிவிடுங்கள்.