பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் பேய்க்கதைகள்: எந்த வட்டை வாங்குவது?

பழைய பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் பேய்க்கதைகளின் டிவிடி வெளியீடுகளையும், அதைவிடக் கூடுதல் தெளிவு தரும் புளூ-ரே வட்டுகளையும் சேகரிப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: கிறிஸ்துமஸ் பண்டிகைக்குப் பேய்க்கதை என்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது. பிபிசியின் ‘எ கோஸ்ட் ஸ்டோரி ஃபார் கிறிஸ்துமஸ்’ வரிசையைச் சேகரிக்க விரும்பினால் எதிலிருந்து தொடங்க வேண்டும்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இங்கிலாந்தில் டிசம்பர் மாதத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். கணப்பைச் சுற்றி உட்கார்ந்து பேய்க்கதை சொல்லும் வழக்கம் அங்கே பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சிதழ்கள் அதைத் தங்கள் கிறிஸ்துமஸ் சிறப்பிதழ்களுக்குள் கொண்டுவந்தன. சார்லஸ் டிக்கன்ஸ் 1865இல் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் ரயில் விபத்தில் உயிர் தப்பி, அடுத்த ஆண்டின் கிறிஸ்துமஸ் இதழில் ‘தி சிக்னல்மேன்’ கதையை வெளியிட்டார். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் தலைவராக இருந்த எம்.ஆர். ஜேம்ஸ், தாம் எழுதிய கதைகளைக் கிறிஸ்துமஸ் காலத்தில் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டுவார். இந்த மரபைத்தான் பிபிசி 1971 முதல் 1978 வரை ஆண்டுக்கு ஒரு குறும்படமாகத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. மொத்தம் எட்டுப் படங்கள். அவற்றில் ஏழு படங்களை இயக்கியவர் லாரன்ஸ் கார்டன் கிளார்க். முதல் ஐந்தும் ஜேம்ஸின் கதைகள், ஆறாவது டிக்கன்ஸ் கதை, கடைசி இரண்டும் அன்றைய காலத்தில் நடப்பவையாகப் புதிதாக எழுதப்பட்டவை. இந்த வரிசைக்கு முன்னோடி, ஜோனதன் மில்லர் 1968இல் கருப்பு வெள்ளையில் எடுத்த ‘விசில் அண்ட் ஐ’ல் கம் டு யூ’.

முதலில் பார்க்க வேண்டியவை 1972இல் வந்த ‘எ வார்னிங் டு தி கியூரியஸ்’, 1976இல் வந்த ‘தி சிக்னல்மேன்’ ஆகிய இரண்டும் என்பேன். முன்னதில் நார்ஃபோக் கடற்கரையின் வெறிச்சோடிய மணல்வெளியும் பைன் மரங்களுமே பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. புதையல் தேடி வந்தவனைத் தொலைவிலிருந்து பின்தொடரும் அந்தக் கறுத்த உருவம் அவசரப்படுவதே இல்லை. பின்னதில் டென்ஹோம் எலியட்டின் நடிப்பு அச்சத்தைவிட மிகுதியான இரக்கத்தை எழுப்புகிறது. கடைசி இரண்டு படங்களையும் வரிசை முழுமைக்காக வைத்துக்கொள்ளலாம். அவற்றிலிருந்து தொடங்கினால், இவற்றைப் போய் ஏன் இப்படிப் புகழ்கிறார்கள் என்று தோன்றக்கூடும்.

கேள்வி: பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2012இல் வெளியிட்ட ஐந்து டிவிடி தொகுதிகளும் என்னிடம் உள்ளன. அவர்களே புளூ-ரேயிலும் வெளியிட்டிருப்பதாக அறிகிறேன். அதே படங்களுக்கு இன்னொரு முறை பணம் செலவழிப்பது அறிவுடைமையா?
– வாசகர், திருச்சி

பதில்: இந்தத் துறையில் ஒரே படத்தை மூன்று முறை வாங்கியவர்கள் உண்டு. 2000களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் ‘விசில்’, ‘வார்னிங்’, ‘சிக்னல்மேன்’ ஆகிய மூன்றை மட்டும் தனித்தனி டிவிடியாக வெளியிட்டது. அவை விற்றுத் தீர்ந்தபின் பழைய பொருள் சந்தையில் விலை ஏறியது. 2012இல் முழுத் தொகுப்பும் வந்ததும் அந்தத் தனி வட்டுகளை யாரும் தேடவில்லை. பிறகு 2022இலும் 2023இலும் இரண்டு பகுதிகளாகப் புளூ-ரே வந்தது: முதல் பகுதியில் ‘விசில்’ தொடங்கி 1973இன் ‘லாஸ்ட் ஹார்ட்ஸ்’ வரை, இரண்டாம் பகுதியில் மீதியுள்ள ஐந்து.

உங்கள் கேள்விக்கான விடை, படங்கள் எதில் பதிவு செய்யப்பட்டன என்பதில் இருக்கிறது. அக்காலத்துப் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நாடகங்களில் பெரும்பகுதி ஸ்டுடியோவுக்குள் மின்னணுக் கேமராக்களால் வீடியோ நாடாவில் எடுக்கப்பட்டது. இந்தக் கிறிஸ்துமஸ் படங்களோ பெரும்பாலும் வெளிப்புறங்களில், 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. அன்று வீட்டுப் பெட்டியில் தெரிந்ததைவிட அதிக நுணுக்கம் ஃபிலிமில் பதிந்திருந்தது. ஒளிபரப்பும் அதன் பின்வந்த டிவிடியும் அதை முழுமையாகக் காட்ட முடியவில்லை. ஃபிலிமையே மறுபடி ஸ்கேன் செய்து தயாரித்த புளூ-ரேயில், 1971இன் முதல் படம் எடுக்கப்பட்ட நார்விச் பேராலயத்தின் மர வேலைப்பாடுகளும், ‘சிக்னல்மேன்’ படத்தில் சுரங்க வாயிலை மூடும் பனிமூட்டமும் தெளிவாகப் பிரிந்து தெரிகின்றன. டிவிடியில் இருண்ட காட்சிகள் ஒரே கறுப்புத் திட்டாகக் குழம்பிய இடங்களில் இப்போது நிழலுக்குள் நிழல் தெரிகிறது. பேய்க்கதைக்கு அதுதானே முதல் தேவை.

தெளிவு எல்லாப் படங்களுக்கும் நன்மை செய்வதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1975இன் ‘தி ஆஷ் ட்ரீ’ படத்தில் மரத்திலிருந்து இறங்கிவரும் சிலந்தி போன்ற உருவங்கள், மங்கலாகத் தெரிந்த காலத்தில் இருந்த அளவு இன்று பயமுறுத்துவதில்லை; பொம்மை பொம்மையாகவே தெரிந்துவிடுகிறது.

ஆகவே, உங்கள் திரை பெரியதாக இருந்து, இந்தப் படங்களை ஆண்டுதோறும் போட்டுப் பார்ப்பவராகவும் நீங்கள் இருந்தால் புளூ-ரேயை வாங்குங்கள். அதற்காக டிவிடி தொகுதிகளைக் கொடுத்துவிட வேண்டாம். 2005, 2006 ஆண்டுகளில் பிபிசி இந்த வரிசையைப் புதுப்பித்து எடுத்த இரு படங்கள் உங்கள் ஐந்தாம் தொகுதியில்தான் இருக்கின்றன.

இதே அளவுகோலை மற்றவற்றுக்கும் பயன்படுத்துங்கள். நைஜல் நீல் எழுதி 1972 கிறிஸ்துமஸ் அன்று பிபிசி 2இல் ஒளிபரப்பான ‘தி ஸ்டோன் டேப்’ மிகச் சிறந்த நாடகம். ஆனால் அது வீடியோ நாடாவில் எடுக்கப்பட்டது. நாடாவில் படமாகப் பதிந்த கிடைக்கோடுகளின் எண்ணிக்கைக்கு மேல் எந்த வட்டாலும் புதிய நுணுக்கத்தைத் தர முடியாது. நல்ல நிலையில் ஒரு டிவிடி கிடைத்தால் அதுவே போதும்.

கேள்வி: பிரிட்டனில் வாங்கிய வட்டுகள் இந்தியாவில் வாங்கிய கருவியில் ஓடுமா?
– வாசகர், சென்னை

பதில்: மாற்றம் செய்யப்படாத கருவியானால் பெரும்பாலும் ஓடாது. உலக நாடுகளை மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்து வட்டு இன்னொரு மண்டலத்துக் கருவியில் ஓடாதபடி பூட்டியிருக்கிறார்கள். டிவிடியில் பிரிட்டனுக்கு 2ஆம் மண்டலம், இந்தியாவுக்கு 5ஆம் மண்டலம். புளூ-ரேயில் அவர்களுக்கு ‘பி’, நமக்கு ‘சி’. இரு நாடுகளும் பால் (PAL) என்ற ஒரே தொலைக்காட்சி முறையையே பின்பற்றியவை என்பதால் படத்தின் வடிவத்தில் சிக்கல் எழாது. மண்டலப் பூட்டு மட்டுமே தடை. பல டிவிடி கருவிகளில் ரிமோட் வழியாகவே பூட்டை நீக்கிவிடலாம். புளூ-ரே கருவிகளில் அது அவ்வளவு எளிதல்ல. எல்லா மண்டலங்களுக்கும் உரியது என்று சொல்லி விற்கப்படும் கருவியைத் தேடி வாங்குவதே நல்லது. முதலில் கருவி, அதன் பிறகு வட்டு.

கேள்வி: 1989இல் வந்த ‘தி வுமன் இன் பிளாக்’ புளூ-ரேக்கு இணையத்தில் கேட்கப்படும் விலை மலைக்க வைக்கிறது. இந்த விலைக்கு வாங்கலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: சூசன் ஹில்லின் நாவலை நைஜல் நீல் திரைக்கதையாக்க, ஹெர்பர்ட் வைஸ் இயக்கி, 1989 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு பிரிட்டனின் தனியார் தொலைக்காட்சியான ஐடிவியில் ஒளிபரப்பான படம் அது. அதன் பிறகு நீண்ட காலம் சட்டப்படி வாங்க வழியே இல்லாத நிலை இருந்ததால், பழைய வீடியோ கேசட்டும், அமெரிக்காவில் வந்த டிவிடியும் அரும்பொருள்களாகிவிட்டன. நெட்வொர்க் என்ற நிறுவனம் 2020இல் புளூ-ரே வெளியிட்டபோதுதான் அந்தத் தாகம் தணிந்தது. ஐடிவியின் பழைய நிகழ்ச்சிகளை ஏராளமாக வட்டுக்குக் கொண்டுவந்த அந்நிறுவனத்தின் நிறுவனர் 2022இல் காலமானார். அடுத்த ஆண்டே நிறுவனம் மூடப்பட்டது. கையிருப்பு தீர்ந்த பட்டியல் முழுவதற்கும் அன்றிலிருந்து விலை ஏறியது.

படம் அந்தப் புகழுக்குத் தகுதியானதுதான். படுக்கை அருகே அந்தப் பெண் தோன்றும் ஒரு காட்சிக்காக மட்டுமே அதை நினைவில் வைத்திருப்பவர்கள் பலர். ஆயினும் விற்பவர் கேட்கும் விலை என்பது வட்டு கிடைக்காததற்கான விலையே தவிர, படத்தின் தரத்துக்கான விலை அன்று. உரிமை வைத்திருப்போர் மறுபதிப்புக்கு ஒப்புக்கொண்ட மறுநாளே அது சரிந்துவிடும். ‘சிக்னல்மேன்’ தனி வட்டுக்கு நேர்ந்தது அதுதான். முதலீடு என்று எண்ணி வாங்காதீர்கள். பார்த்தே தீர வேண்டும் என்ற ஆவல் இருந்து, பணமும் இருந்தால் அது வேறு கதை.

கேள்வி: ‘லாஸ்ட் ஹார்ட்ஸ்’ கதையின் 1966ஆம் ஆண்டு ஐடிவி வடிவம் டிவிடியில் இருப்பதாக ஒரு விற்பனையாளர் எனக்கு எழுதியிருக்கிறார். நம்பலாமா?
– வாசகர், மதுரை

பதில்: நம்ப வேண்டாம். அந்த வடிவம் இடம்பெற்ற ‘மிஸ்ட்ரி அண்ட் இமேஜினேஷன்’ என்ற வரிசை 1966 முதல் 1970 வரை 24 பகுதிகளாக ஒளிபரப்பானது. அவற்றில் முழுமையாக எஞ்சியவை எட்டு மட்டுமே. ‘லாஸ்ட் ஹார்ட்ஸ்’ உட்பட எம்.ஆர். ஜேம்ஸின் கதைகளைத் தழுவிய பகுதிகள் ஒன்றுகூட அந்த எட்டில் இல்லை. உங்களுக்கு வரப்போவது 1973ஆம் ஆண்டு பிபிசி படத்தின் பிரதியாக இருக்கும், அல்லது எதுவுமே வராது.

வீடியோ நாடா அன்று விலை உயர்ந்த பொருள். ஒளிபரப்பு முடிந்த நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதே நாடாவில் அடுத்ததைப் பதிவது எல்லா நிறுவனங்களிலும் வழக்கமாக இருந்தது. வீட்டில் படம் போட்டுப் பார்க்கும் கருவியே பரவாத காலத்தில், பழைய நாடகத்தை யார் மறுபடி கேட்கப் போகிறார்கள் என்று அவர்கள் எண்ணியதில் வியப்பில்லை. பிபிசியில் இந்த வழக்கம் 1970களின் இறுதியில்தான் முடிவுக்கு வந்தது. அதே பிபிசி 1972இல் ஒளிபரப்பிய ‘டெட் ஆஃப் நைட்’ என்ற ஏழு பகுதி வரிசையில் மூன்றே மிஞ்சின. அவை மூன்றும் 2013இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட டிவிடியில் உள்ளன. விற்பனையாளருக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் அதை வாங்குங்கள். அதன் முதல் பகுதியான ‘தி எக்ஸார்சிசம்’, ஒரு கிறிஸ்துமஸ் விருந்துக்கு வந்தவர்களை அந்த வீட்டில் முன்பு பசியால் செத்தவர்களின் துயரம் பற்றிக்கொள்ளும் கதை.