கொரிய காமிக்ஸ் ஏன் மேலிருந்து கீழாக ஓடுகிறது?

கொரியாவில் காமிக்ஸைப் பக்கம் பக்கமாக இல்லாமல் ஒரே நீளமாக ஏன் வரைகிறார்கள், செல்போனுக்காகவா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, வெப்டூன் (இணையத்தில் வரும் இந்த நீளவாக்கு காமிக்ஸ்) ஸ்மார்ட்போனுக்கு மூத்தது. 1997 நிதி நெருக்கடியில் அங்கே அச்சு காமிக்ஸ் அடிவாங்கியது. அடுத்த சில வருடங்களில் வீடுகளுக்குப் பிராட்பேண்ட் வந்துவிட்டது. கொரிய இணையதளங்களான டவும் 2003-லும் நேவர் 2004-லும் வெப்டூன் பகுதிகளைத் தொடங்கின. மவுஸ் சக்கரத்தை உருட்டிப் படிக்க நீளவாக்குதான் தோது.

இதில் சுவாரசியமே கதை சொல்லும் முறை மாறியதுதான். அச்சில், பக்கத்தைத் திருப்பும் இடத்தில் அதிர்ச்சியை ஒளித்துவைப்பார்கள். இங்கே திருப்பப் பக்கமே இல்லை! அதனால் கட்டங்களுக்கு நடுவே வெற்றிடத்தை நீட்டுகிறார்கள். இடைவெளி நீண்டால் நேரம் கடந்ததாக வாசகர் தானாகவே புரிந்துகொள்கிறார். மாடியிலிருந்து ஒருவர் விழுந்தால் நம் விரலும் கூடவே இறங்குகிறது. பேய்க்கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் இரண்டு பக்கத்துக்கு விரியும் அகலமான ஓவியம் போயே போச்சு. எனக்கு அது நஷ்டம்தான்.

அப்புறம் பணம். அடுத்த அத்தியாயத்தை முன்கூட்டியே படிக்க நேவரில் 'குக்கி' என்ற டிஜிட்டல் நாணயத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வாராவாரம் முழு வண்ணத்தில் வரைந்து தள்ளும் ஓவியர்களின் உடம்புதான் பாவம்.